காலைத் தொடக் கூடாத குஸ்திக்கு ஷூ எதற்கு? 1,850 ரூபாய் ஜோடியை ஏழு மாதம் போட்டுப் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஷூவின் பிராண்டுப் பெயரை என்னால் எழுத முடியாது. மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் ஒரு பெயர், ஷூவின் நாக்கில் வேறொரு பெயர், பில்லில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் நான் எதைத்தான் எழுதுவது? அடையாளம் வேண்டுமென்றால் இதுதான்: நீல நிறம், கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் உயரம், அடியில் தேன் நிற ரப்பர், அதுவும் ஒரே துண்டாக இல்லாமல் முன்பாதத்துக்கு ஒன்று குதிகாலுக்கு ஒன்று என்று பிரிந்தது, நாடாவை மூட ஒரு வெல்க்ரோ பட்டை. ஜலந்தரில் செய்தது என்று பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கிறது. விலை 1,850 ரூபாய். ஆன்லைனில் தேடினால் இதே ஷூ நாலைந்து பெயர்களில் வருகிறது, படத்தில் தையல் கோடு வரைக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

போட்டது நானில்லை, அக்கா பையன். பிளஸ் ஒன் படிக்கிறான், 65 கிலோ பிரிவு, கிரேக்கோ ரோமன், அதாவது இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத குஸ்தி வகை. நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ் போர்டிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி. வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் பயிற்சிக்குப் போகிறான். சொல்லிக் கொடுப்பவரை எல்லாரும் மாஷ் என்கிறார்கள், நானும் மாஷ் என்றே எழுதுகிறேன். நான் வாழ்க்கையில் ஒருவரையும் கட்டிப் புரட்டியதில்லை, பால் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் ஷூவுக்குப் பணம் கொடுத்தது நான், கிழிந்தபோது தைக்கக் கொண்டுபோனது நான், அதனால் எழுதும் உரிமை எனக்கு உண்டு.

இது எங்கே ஆரம்பித்தது என்றால், 2024 ஆகஸ்ட் 6 ராத்திரி. பாரீஸ் ஒலிம்பிக்கில் நம் குஸ்தி வீராங்கனை வினேஷ் போகட்டின் அரையிறுதிக்காக வீடே விழித்திருந்தது. கியூபாக்காரப் பெண்ணை 5-0 என்று ஜெயித்து இறுதிக்குப் போனதும் அம்மா எழுந்துபோய் சாமி படத்துக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். (மறுநாள் காலை 100 கிராம் எடை கூடுதல் என்று வெளியே அனுப்பியது எல்லாருக்கும் தெரியும். அதை இழுத்தால் ஷூவுக்கு வர மாட்டேன்.) போனை அணைக்காமல் வைத்திருந்ததில் அடுத்தடுத்த ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில்தான் மிஹாயின் லோபஸைப் பார்த்தோம். கியூபாக்காரர், 130 கிலோ பிரிவு, ஆறரை அடியை ஒட்டிய உயரம், 42 வயது முடிய இரண்டு வாரம் பாக்கி. எதிரில் யாஸ்மானி அகோஸ்தா. அவரும் கியூபாவில் பிறந்தவர்தான், ஒரு காலத்தில் லோபஸோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர், அப்புறம் சிலி நாட்டுக்குப் போய் அந்த நாட்டுக்காக இறங்கியவர். 6-0 என்று முடிந்தது. 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோ, பாரீஸ் என்று வரிசையாக ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம். ஒரே தனிநபர் போட்டியில் தொடர்ந்து ஐந்து என்பது அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை, கார்ல் லூயிஸ், மைக்கேல் ஃபெல்ப்ஸ் எல்லாம் நாலோடு நின்றவர்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் ஷூ நாடாவை அவிழ்த்தார். மேட்டை, அதாவது குஸ்தி நடக்கும் மெத்தை விரிப்பை, முத்தமிட்டார். ஷூ ஜோடியை மேட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குஸ்திக்காரர்கள் இனிமேல் இறங்க மாட்டேன் என்று சொல்லும் விதம் அது என்று பையன் விளக்கினான். அம்மாவுக்கு வேறு கவலை. "ஏஞ்சாமி, அத்தாம் பெரிய ஆளு செருப்பை அங்கயே உட்டுட்டுப் போறானே, யாராச்சும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்களா?"

அதுவரை பையன் ஃப்ரீஸ்டைல்தான், காலையும் பிடிக்கலாம் என்கிற வகை. அடுத்த வாரமே மாஷிடம் போய் கிரேக்கோ ரோமனுக்கு மாறுகிறேன் என்று நின்றிருக்கிறான். மாஷ் சிரித்தாராம். நம் ஊரில் அது கவனிப்பார் இல்லாத வகை. இந்தியா ஒலிம்பிக்கில் வாங்கிய குஸ்திப் பதக்கம் எல்லாமே ஃப்ரீஸ்டைலில், கிரேக்கோவில் ஒன்றுகூடக் கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் 2013இல் சந்தீப் துளசி யாதவ் வாங்கிய வெண்கலம்தான் முதல் பதக்கம். 2020இல் சுனில் குமார் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கியபோது கிரேக்கோவில் 27 வருஷத்துக்கு அப்புறம் வந்த ஆசியத் தங்கம் அது. மாஷ் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆள் குறைவுள்ள ஸ்தலத்துல இடம் கிடைக்கும், வா" என்று தன் பாலக்காட்டுத் தமிழில் முடித்துவிட்டார்.

சரி, ஷூ. அதுவரை பையன் பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூவில்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தான். கிரேக்கோவுக்கு அது ஆகாது என்று மாஷ் சொன்னதும் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டோம். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் விவரம் கொஞ்சம் கம்மி. என்ன குஸ்தி என்று விசாரித்தார். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தட்டவோ கொக்கி போடவோ கூடாது, எல்லாம் மேல் உடம்பில்தான் என்று பையன் சொன்னான். "காலையே தொடக் கூடாதுன்னா அதுக்கு எதுக்குத் தம்பி தனியா ஷூ?" என்று கேட்டுவிட்டு, பாக்சிங் ஷூ ஒன்றை எடுத்து நீட்டினார், இரண்டும் ஒன்றுதான் என்றார். 2,400 ரூபாய். நானும் தலையாட்டி வாங்கிவிட்டேன். மாஷ் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஜோடியின் அடி விளிம்பு கெட்டியாக வெட்டியது போல இருந்தது, குதிகாலில் லேசான மேடு வேறு. குஸ்தி ஷூவில் குதிகால் மேடு, ஆணி, பக்கிள், உலோகத் துண்டு எதுவுமே இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி, கட்டிப் புரளும்போது எதிராளியைக் கிழித்துவிடும் அல்லவா. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஜோடியை இப்போது என் தங்கை மகன் சைக்கிள் ஓட்டப் போட்டுக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் இந்த நீல ஜோடியை ஆன்லைனில் வாங்கினோம்.

அந்தக் கடைக்காரரின் கேள்வி மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நியாயமான கேள்விதானே? காலைத் தொடாத குஸ்தியில் காலுக்கு என்ன வேலை? இதற்குப் பதில் தேடித்தான் லோபஸின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன், ராத்திரி பால் வண்டியைக் கழுவி நிறுத்திய பிறகு. எல்லாரும் அவருடைய தோளையும் கையையும் பார்ப்பார்கள், நான் ஷூவை மட்டும் பார்த்தேன். ஏதோ பைத்தியம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதில் கிரேக்கமும் இல்லை ரோமும் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான வகை இது. எதிராளியின் காலைப் பிடித்து இழுத்துச் சாய்க்கும் வழி இல்லாததால் இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு மோதி, கையை அக்குளுக்கு அடியில் நுழைக்கப் போராடி, தள்ளிக்கொண்டே நிற்பார்கள். அந்தத் தள்ளு முழுக்க முன்பாதத்திலிருந்து கிளம்புகிறது. மேட் வட்டம் 9 மீட்டர் குறுக்களவு, ஓரத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை. அதைத் தாண்டி எதிராளியின் கால் வெளியே போனால் ஒரு புள்ளி. லோபஸ் செய்வதைப் பாருங்கள், குட்டிக் குட்டி அடியாக வைப்பார், ஒரு காலை இன்னொன்றுக்குக் குறுக்கே கொண்டுபோகவே மாட்டார், இடுப்பு எதிராளியின் இடுப்புக்குக் கீழேயே இருக்கும், நம் ஊரில் சேற்றில் மாட்டிய வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளுவோமே, அந்த மாதிரி. எதிராளி பின்னால் போய்க்கொண்டே இருப்பார். சண்டை செய்யாமல் பின்வாங்குகிறார் என்று நடுவர் அவருக்குத் தண்டனை கொடுப்பார், லோபஸுக்கு ஒரு புள்ளி, கூடவே எதிராளியை மேட்டில் கவிழ்ந்து படுக்கச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கையும் தோளும் வேலைக்கு வருகிறது: மேலிருந்து இடுப்பையோ நெஞ்சையோ கட்டிப் பிடித்து ஒரு புரட்டு புரட்டினால் இரண்டு புள்ளி, இன்னொரு புரட்டுக்கு இன்னும் இரண்டு. 8 புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் முடிந்தது.

சும்மா நிற்பவனைத் தண்டிக்கும் இந்த விதி ஏன் வந்தது என்பதற்கு மாஷ் ஒரு கதை சொல்வார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மார்ட்டின் கிளைன், அல்ஃப்ரெட் அசிகைனன் என்ற இரண்டு பேர் வெயிலில் 11 மணி 40 நிமிடம் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் கிளைன் ஜெயித்தார், ஆனால் இறுதி ஆட்டத்துக்கு இறங்க உடம்பில் தெம்பு இல்லை. இப்போது மூன்று நிமிடம், நடுவில் 30 விநாடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். அந்தக் கதையைக் கேட்டதும் என் வாயில் வந்த முதல் கேள்வி, அவர்கள் என்ன ஷூ போட்டிருந்தார்கள் என்பதுதான். மாஷ் பதில் சொல்லவில்லை.

ஆக, இந்த ஷூவை நான் இரண்டு விதமாக எடை போடுகிறேன்: நின்று தள்ளும்போது எப்படி, கவிழ்ந்து படுக்கும்போது எப்படி.

நின்று தள்ளும்போது, 1,850 ரூபாய்க்கு இது அபாரம். அடி ரப்பர் மிருதுவானது, வட்ட வட்டமாக வரி ஓடியிருக்கிறது, சுத்தமான மேட்டில் காலை ஊன்றினால் பல்லி மாதிரி ஒட்டுகிறது. அடி இரண்டாகப் பிரிந்திருப்பதால் பாதத்தின் நடுப்பகுதி நன்றாக வளைகிறது, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எக்கி நிற்கும்போது ஷூ எதிர்ப்புக் காட்டுவதில்லை. கேன்வாஸ் ஷூவில் இவன் தள்ளினால் பின்னால் வழுக்கிக்கொண்டு போவான், கூட்டாளிப் பையன்கள் "எடா, ஸ்கேட்டிங்கா?" என்று கிண்டல் செய்வார்களாம். இந்த ஷூ வந்த முதல் வாரமே தன்னை விட ஏழு கிலோ கூடுதலான ஒருவனை ஆரஞ்சுப் பட்டை வரைக்கும் நகர்த்திவிட்டு வந்து வீட்டில் நாலு தடவை சொன்னான். எடையும் குறைவு. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஜோடி 430 கிராம்.

ஒன்று கவனிக்க வேண்டும், தூசி பட்டால் பிடிமானம் பாதியாகிவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கரிசல் மண் ஒரு தடவை அந்த வரிக்குள் ஏறினால் பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மேட்டுக்கு வெளியே இந்த ஷூவோடு ஒரு அடி கூட வைக்கக் கூடாது என்பது மாஷின் சட்டம். மண் ஒரு காரணம், இன்னொரு காரணம் படர்தாமரை. ஒருவன் கழிப்பறைக்கு ஷூவோடு போய்விட்டு அப்படியே மேட்டில் ஏறினால் அடுத்த வாரம் பத்துப் பேர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

இப்போது கவிழ்ந்து படுக்கும் கதை. இங்கேதான் ஷூ காலை வாரிவிட்டது.

தரையில் படுக்க வைத்துவிட்டால், கீழே இருப்பவன் வயிற்றை மேட்டோடு அழுத்தி, கையைக் காலை விரித்து, கட்டைவிரல் நுனியை மேட்டில் ஊன்றி, எதிராளி புரட்டவிடாமல் கிடக்க வேண்டும். மேலே இருப்பவனுக்கும் அதே கதைதான், கட்டிப் பிடித்துவிட்டுக் கால்விரல் நுனியால் உந்தித்தான் புரட்டுகிறான். அப்படியென்றால் ஷூவின் முன்மூக்கும் கட்டைவிரல் ஓரமும் ஒவ்வொரு பயிற்சியிலும் மேட்டில் தேய்ந்துகொண்டே இருக்கும். விலை கூடின ஷூக்களில் அடி ரப்பரையே மேலே ஏற்றி மூக்கைச் சுற்றி மடித்து ஒட்டியிருக்கிறார்கள். நம் ஜோடியில் ரப்பர் பாதத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வெறும் வலைத்துணி. நாலாவது மாதம் வலது காலில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை. ஐந்தாவது மாதம் அந்த ஓட்டை வழியாகச் சாக்ஸ் எட்டிப் பார்த்தது. இடது கால் இன்னும் நன்றாக இருக்கிறது, இவன் வலது பக்கமாகவே புரட்டுவான் என்பது ஷூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எதிராளி யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "என்னங்க இது, டான்ஸ் ஆடறதுக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது, தன் தாத்தா பொள்ளாச்சிச் சந்தையில் குஸ்தி பார்த்த கதையை ஆரம்பித்துவிட்டார். பழைய பையிலிருந்து ரெக்சின் துண்டு ஒன்றை வெட்டி, மூக்கைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தைச் சுட்டு மழுக்கிக் கொடுத்தார். 80 ரூபாய். தையல் எதிராளியின் தோலில் உரசாதா என்று மாஷ் தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். மூன்று மாதம் ஆகிறது, ரெக்சின் அப்படியே இருக்கிறது. ஆகவே என் யோசனை, இந்த ஷூவை வாங்கினால் புதுசாக இருக்கும்போதே இரண்டு காலுக்கும் இந்த ஒட்டுப் போட்டுவிடுங்கள், மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் லோபஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஐந்து தங்கம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஆரம்பத்திலிருந்தே அவர் அப்படித்தான் என்று தோன்றிவிடும். 2004 ஏதென்ஸில் அவருக்குப் பதக்கமே இல்லை. ரஷ்யாவின் ஹசன் பரோயெவிடம் தோற்றார், ஐந்தாவது இடம். அதே ஏதென்ஸில் அவருடைய அண்ணன் மிச்செல் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கிவிட்டார், வீட்டுக்குப் போனால் என்ன பேச்சு நடந்திருக்குமோ. 2005இல் உலக சாம்பியன் ஆனார், 2006 உலக இறுதியில் மறுபடி பரோயெவிடம் தோற்றார். 2008 பெய்ஜிங் இறுதியில் எதிரே வந்து நின்றது அதே பரோயெவ். அன்றைக்குத்தான் கணக்குத் தீர்ந்தது. (பரோயெவின் அந்த வெள்ளியைப் பல வருஷம் கழித்து ஊக்கமருந்து விவகாரத்தில் பறித்துவிட்டார்கள்.) அதற்கப்புறம் துருக்கியின் ரிஸா கயால்ப். 2011 உலக இறுதி இஸ்தான்புல்லில், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் கயால்ப் ஜெயித்தார், 2015இல் லாஸ் வேகாஸிலும் அவரே. ஆனால் ஒலிம்பிக் என்று வந்தால் 2012 அரையிறுதி, 2016 இறுதி, டோக்கியோ அரையிறுதி, மூன்றிலும் லோபஸ்தான். ரியோவில் ஜெயித்ததும் தன் கோச்சையே தூக்கி மேட்டில் போட்டார், அந்தக் காட்சியைப் பையன் எத்தனை தடவை பார்த்தான் என்று கணக்கில்லை, மாஷைத் தூக்கிப் போடும் எண்ணம் இருக்கிறதோ என்னவோ.

நடுவில் விதிகளே மாறின. முன்பெல்லாம் மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், 2013இல் அதை எடுத்துவிட்டு மொத்தப் புள்ளிக் கணக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் ஒலிம்பிக்கிலிருந்து குஸ்தியையே தூக்கிவிடலாம் என்று பிப்ரவரியில் பேச்சு எழுந்து செப்டம்பரில்தான் காப்பாற்றினார்கள். எடைப் பிரிவு 120இலிருந்து 130 ஆனது. எது மாறினாலும் அவருடைய அந்தக் குட்டிக் குட்டி அடி மட்டும் மாறவில்லை. டோக்கியோவில் நாலு ஆட்டம், எதிராளிகள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு புள்ளி கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு மூன்று வருஷம் எந்தப் போட்டியிலும் இறங்காமல் இருந்துவிட்டு நேராகப் பாரீஸுக்கு வந்தார், 2023 உலக சாம்பியனான ஈரானின் மிர்சாசாதேயைக் காலிறுதியில் 3-1 என்று அனுப்பினார். மூன்று வருஷம் ஓட்டாத வண்டியை எடுத்தால் எனக்கு பேட்டரியே ஏறாது.

சரி, மிச்சக் குறைகளுக்கு வருகிறேன்.

சைஸ். பையனுக்கு சாதாரண ஷூ 8 நம்பர். இதில் 8 வாங்கினோம், விரல் மடங்கியது. இவர்கள் 8 என்பது நம் கடைகளில் 7 மாதிரி. அது போதாதென்று முன்பக்கம் குறுகல். சின்ன வயசிலிருந்து வரப்பில் வெறுங்காலோடு நடந்த காலுக்கு விரல்கள் விரிந்துதானே இருக்கும், அந்தப் பாதத்தை இது மதிக்கவில்லை. திருப்பி அனுப்பி 9 வாங்கினோம். திருப்பி அனுப்பியது தனிக் கதை. எங்கள் பின்கோடுக்கு டெலிவரி கிடையாது என்று ஆப் சொல்கிறது, மூன்று கிலோமீட்டர் தள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு உண்டு என்கிறது. அங்கே போட்டோம். கூரியர்ப் பையன் போன் செய்து வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தமிழில் கேட்டான், நான் பதில் சொல்வதற்குள் லைன் கட், மறுபடி வேறொருவர் மலையாளத்தில் அதே கேள்வி. பெட்டி வந்த அன்றைக்கு நான் பொள்ளாச்சியில், பெரியம்மா தன் பேரனுக்கு வந்தது என்று நினைத்துப் பிரித்து, அவன் அதைப் போட்டுக்கொண்டு தென்னந்தோப்பில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டான். அடியில் மண் இருக்கிறது, பயன்படுத்திய ஷூவை எடுக்க மாட்டோம் என்று திரும்ப எடுக்க வந்தவர் சொன்னார், அது அவர் தவறில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து, மறுவாரம் கொடுத்தோம். எடுத்துக்கொண்டார்கள். பணமும் வந்தது, பதினோராவது நாள்.

நாடா மூடும் வெல்க்ரோ. போட்டியில் நாடா அவிழக் கூடாது, அவிழாதபடி மூடியிருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பட்டை. முதல் இரண்டு மாதம் கெட்டியாகப் பிடித்தது. அப்புறம் சாக்ஸ் பஞ்சு, மேட்டுத் தூசி, தலைமுடி எல்லாம் அதில் ஏறி, பிடிப்பதை நிறுத்திவிட்டது. ஊசியால் பஞ்சை எடுத்தால் நாலு நாள் வருகிறது. இப்போது போட்டி என்றால் நாடாவைச் சுற்றி டேப் ஒட்டிவிடுகிறான், அதுதான் நிம்மதி. நாடா வேறு அநியாய நீளம், கணுக்காலை இரண்டு சுற்றுச் சுற்றியும் மிஞ்சுகிறது, அக்கா ஒரு ஜாண் வெட்டி நுனியைத் தீயில் காட்டிவிட்டார்.

நாற்றம். இதை எழுதாமல் விட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். ஜூன் மாதம் வாங்கியது, பாலக்காட்டு மழை, எதுவும் காயாத காலம். வாஷிங் மெஷினில் போடாதே என்று பெட்டியில் போட்டிருக்கிறது, போட்டால் ஒட்டு பிரிந்துவிடுமாம். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஃபேனுக்குக் கீழே வைக்கிறோம். உள்ளே இருக்கும் மெத்தைத் துண்டு தனியாகக் கழற்ற வராது, ஒட்டியிருக்கிறது, அது பெரிய குறை. நவம்பர் வரைக்கும் ஷூ திண்ணையில்தான் தூங்கியது. நாய் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

கணுக்கால் பிடிப்பு பரவாயில்லை. எதிராளி தூக்கிப் போடும்போது கால் எப்படியாவது விழுந்து மடங்கும், இவனுக்கு இதுவரை சுளுக்கு எதுவும் இல்லை. ஷூவைச் செய்த பட்டறைக்காரர்களுக்கு இதில் முழு மார்க்.

யார் வாங்கலாம்? ஆரம்பிக்கும் பையன்கள் தாராளமாக வாங்கலாம். ஃப்ரீஸ்டைல் என்றால் மூக்கு இவ்வளவு சீக்கிரம் கிழியாது என்று மாஷ் சொல்கிறார், அவர்கள் யோசிக்கவே வேண்டாம். 80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள், தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்பவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்து, ரப்பர் மூக்கு வரை ஏறிய ஜோடியாகப் பார்ப்பது நல்லது, ஐயாயிரத்துக்கு மேல் ஆகும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், செருப்புத் தைப்பவரின் ஒட்டோடு சேர்த்து என்றால் நாலு.

போட்டி பற்றிக் கேட்பீர்கள். மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தான், இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றரை நிமிடத்தில் 8-0 என்று தோற்றான். கவிழ்ந்து படுக்க வைத்து வரிசையாக மூன்று புரட்டு. ஷூ மேல் குற்றம் இல்லை, நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், ரெக்சின் மூக்கு மேட்டில் கெட்டியாகத்தான் ஊன்றியிருந்தது, இடுப்புதான் எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தோத்துட்டு வந்தயே, செருப்பை அங்க உட்டுட்டு வரலயல்ல?" பையன் பையைத் திறந்து காட்டினான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, திண்ணையில் கொண்டுபோய் வை என்றார்.